தும்மல் வந்து சேரும் நேரம்

அன்புள்ள கோபக்காரிக்கு,

நீ உன் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து நம் பயல் புத்தகத்தையே தொடவில்லை. புத்தகக் கடையில் ‘ஆண் பிள்ளைகளுக்கு’ என்று எழுதிய அலமாரியிலிருந்து வாள், பீரங்கி, டைனோசர் என்று அள்ளிக்கொண்டு வந்தேன். எல்லாம் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.

நேற்று அவனையே ஒரு புத்தகம் எடுக்க விட்டேன். ஜலதோஷம் பிடித்த தவளையின் கதையை எடுத்தான். உன்னைப்போல் குரல் மாற்றிப் படிக்க எனக்கு வருமா? ரயில் நிலையத்தில் மைக்கில் அறிவிக்கிற வாய் வேறெப்படிப் படிக்கும்?

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு! தவளையின் தும்மல் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்.”

விழுந்து விழுந்து சிரித்தான். திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னான். பிறகு மெதுவாக, “அம்மா எப்ப வர்றாங்கன்னும் அதே மாதிரி சொல்லுப்பா” என்றான்.

நேரம் தெரியாமல் நான் எதையும் அறிவித்ததில்லை. நேரத்தை நீயே சொல்.

மைக்கும் கையுமாக,
உன் வீட்டுக்காரன்