பன்னிரண்டு கட்டப் படம்

மச்சாள்,

நாளைக்குச் சூரிய கிரகணமாம். பக்கத்து வீட்டுப் பெண் காலையில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அன்ரி, பழைய எக்ஸ்ரே படம் ஏதும் இருந்தால் தாங்கோவன். அதுக்குள்ளாலை பாக்கலாமாம்" என்று கேட்டாள். "இருக்கு, தரமாட்டன். அதுக்குள்ளாலை சூரியனைப் பாத்தால் கண்ணும் போகும்" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

அவள் போன பிறகு அலுமாரியைத் திறந்து எடுத்தேன். பூச்சி உருண்டை மணத்தையும் மீறி அந்தப் படத்தின் புளித்த மருந்து மணம் வந்தது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உங்கள் தம்பியின் மூளை, பன்னிரண்டு கட்டங்களில்.

நான் மருமகளாக உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் அப்பு உயிரோடு இல்லை. குடித்தே செத்தவர் என்று ஊரில் சொன்னார்கள். என் ஐயாவும் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, "தேப்பன்தான் குடிகாரன், பெடியன் தொடமாட்டான்" என்று சம்மதித்தார். அப்பு ஒருநாளும் கள்ளைத் தொட்டதில்லை என்று எனக்குத் தெரியவந்தது, பிள்ளை பிறந்து வளர்ந்து, உங்கள் தம்பியின் தோள் தானாகக் குலுங்கத் தொடங்கிய பிறகுதான்.

தோளுக்குப் பிறகு கை. கைக்குப் பிறகு நடை. மருதனார்மடச் சந்தையில் ஒரு மரக்கறிக்காரன், "அண்ணை விடியவே போட்டிட்டார் போலை" என்று சிரித்தான். நான் அவனுடைய தராசைத் தூக்கி நிலத்தில் போட்டேன். வீட்டுக்கு வந்தால், நீங்கள் என்னைத்தான் ஏசினீர்கள்.

"அவன் சொல்லிப்போட்டுப் போறான். உனக்கென்ன? குடி எண்டால் சம்பந்தம் வரும். பரம்பரை வருத்தம் எண்டால் எங்கடை படலையை ஒருத்தரும் திறக்கமாட்டினம்."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அப்புவைக் குடிகாரனாக்கியது ஊர் அல்ல, நீங்கள். உங்களுடைய கல்யாணத்துக்காகவும் தம்பியின் கல்யாணத்துக்காகவும், ஒரு நல்ல மனிதனின் பெயரைச் செலவழித்திருந்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ரயில் ஓடிய கடைசிக் காலத்தில் அவரைக் கொழும்புக்குக் கூட்டிப் போனோம். நீங்களும் வந்தீர்கள். ஆடாமல் படுத்திருக்க ஊசி போட்டுத்தான் படம் எடுத்தார்கள். டொக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் செருகி, பேனையின் பின்பக்கத்தால் காட்டினார். நடுவிலிருக்கும் கறுப்பு, செட்டை ஒடுங்கிய வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கவேண்டுமாம். இரண்டு பக்கமும் அதை நெருக்கிப் புடைத்து நிற்கவேண்டிய சதை தேய்ந்துபோனதால், கறுப்பு அகன்று பெட்டிபோல் நின்றது. அந்த நோய்க்கு யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பெயர். தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ வருமாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி.

"அப்ப என்ரை பிள்ளைக்கும் ஒரு படம் எடுப்பம்" என்றேன்.

"இப்ப எடுத்தால் முழுசா, வடிவா இருக்கும் அம்மா. அதை வைச்சு வராதெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. படம் போனதைத்தான் காட்டும். வரப்போறதைக் காட்டாது" என்றார்.

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இரண்டு கைகளையும் தொடைகளின் கீழே வைத்து, அவற்றின் மேல் ஏறி இருந்தீர்கள். ரயிலிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

"மச்சாள், நீங்கள் ஒண்டு எடுங்கோவன்."

"எனக்கேன்? எனக்கு ஒண்டுமில்லை."

ஏழாம் வகுப்போடு என் வீட்டில் என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டார்கள். படத்தோடு தந்த ஆங்கில அறிக்கையை அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தேன். "எங்கடை வீட்டிலை புதுசா ஒரு டொக்டர் படிச்சு வாறா" என்று பகிடி விட்டீர்கள். பகிடிக்கு நான் சிரிக்கவில்லை. முழுவதையும் படித்து முடித்தேன்.

பிறகு சண்டையில் ரயிலும் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் அலைந்த காலம் வந்தது. உங்கள் தம்பி போய்ச் சேர்ந்தார். பிள்ளைக்கு நல்லூரிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெண்பார்க்க வருகிற அன்று, சாதகம் வைத்த தட்டில் இந்தப் படத்தையும் வைத்தேன். பிள்ளையிடம் முதலே கேட்டிருந்தேன். "வையுங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

நீங்கள் தட்டைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் வந்தீர்கள்.

"உனக்கென்ன விசரே? பெட்டையின்ரை வாழ்க்கையைக் கெடுக்கப் போறியே?"

"நீங்கள் எனக்குச் செய்ததை நான் அந்தப் பெடியனுக்குச் செய்யமாட்டன்."

"அவளுக்கு வராமலும் விடலாமெல்லே?"

"விடலாம். அதையும் சொல்லுவம்."

மாப்பிள்ளையின் தாய் படத்தைக் கையில் எடுத்தார். அந்த மனிசி கெட்டவரல்ல. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பன்னிரண்டு கட்டம் கிடக்கு. இதென்ன புதுமாதிரிச் சாதகம்? கிரகமெல்லாம் எங்கை?" என்று கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வாய் வரவில்லை, மச்சாள். நாலு நாளாய்ச் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் அந்தச் சிரிப்போடு போய்விட்டன.

அப்போதுதான் நீங்கள் தொடைகளின் கீழிருந்து கைகளை எடுத்து மேசையில் வைத்தீர்கள். விரல்கள், கண்ணுக்குத் தெரியாத ஆர்மோனியம் ஒன்றை வாசிப்பதுபோல ஆடின. தேநீர்க் கோப்பை ஒன்று தட்டுப்பட்டுச் சரிந்தது. நீங்கள் அதைப் பார்க்கவில்லை.

"இதுதான் அந்தச் சாதகம்" என்றீர்கள். "எங்கடை அப்புவுக்கு இருந்தது. அவர் குடிச்சதில்லை, நாங்கள்தான் அப்பிடிச் சொன்னனாங்கள். தம்பிக்கு இருந்தது. எனக்கும் தொடங்கியிட்டுது. பிள்ளைக்கு வருமோ வராதோ ஒருத்தருக்கும் தெரியாது. என்ரை மச்சாள் மறைக்கமாட்டாளாம்."

அந்தத் தாய் படத்தை உறையில் போட்டு, இரண்டு கைகளாலும் என்னிடம் தந்தார். "யோசிச்சுச் சொல்லுறம்" என்று போனவர்கள், பிறகு வரவேயில்லை. வேறு சம்பந்தமும் வரவில்லை. நீங்கள் சொன்னபடியே, எங்கள் படலையை ஒருவரும் திறக்கவில்லை.

ஆனால் நீங்கள் அதன்பிறகு கைகளை மறைக்கவில்லை. மருதனார்மடச் சந்தைக்குக் கைகளை வீசிக்கொண்டு போனீர்கள். அதே மரக்கறிக்காரன், "அக்காவும் தொடங்கியாச்சோ?" என்று கேட்டானாம். "ஓமடா, பரம்பரைச் சொத்து" என்றீர்களாம். வந்து சொல்லிச் சிரித்தீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

சண்டை நெருங்கிவர, ஊரோடு எல்லோரும் வெளிக்கிட்டபோது, சோறு இறங்காமல் மெலிந்திருந்த உங்களைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனோம். படம் என் கக்கத்தில் இருந்தது. "உதையேன் காவுறாய்?" என்று கேட்டீர்கள். நான் கக்கத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினேன். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் உங்கள் உயிர் போனபோது, உங்கள் கைகள் முதல்முறையாக ஆடாமல் கிடந்தன. நான் அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழவில்லை.

பிள்ளை இப்போது உடுவிலில் படிப்பிக்கிறாள். கல்யாணம் கட்டவில்லை. வருமா வராதா என்று இந்தக் காலத்தில் இரத்தத்தில் பார்த்துச் சொல்வார்களாம், அவள் போகவில்லை. "தெரிஞ்சு என்ன செய்யிறது?" என்கிறாள். தகப்பனுக்குத் தொடங்கிய வயதைத் தாண்டிவிட்டாள். நான் வாய் திறப்பதில்லை, ஆனால் அவள் தேநீர் ஊற்றும்போது என் கண் அங்கேதான் போகிறது. நேற்றும் பிடிபட்டேன்.

"அம்மா, என்ரை கையைப் பாக்காதேங்கோ. முகத்தைப் பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். உங்கள் நாடி, உங்கள் மூக்கு. அதுவும் உங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது என்று இத்தனை காலமும் நான் கவனிக்கவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை, மச்சாள். என் ஐயாவிடம் மறைத்ததை மறக்கமாட்டேன். மேசையில் வைத்த கைகளையும் மறக்கமாட்டேன். படத்தைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டேன். நாளைக்குச் சூரியன் தன்பாட்டில் மறைந்து வரட்டும்.