நாலாம் பாகம்தான் சிறந்தது என்ற கனிக்கு

கோபம் தீராமலே போய்விட்ட என் கனிக்கு,

'தொலைவானம்' கடைசிப் பாகம் வந்துவிட்டது. போன சனிக்கிழமை நாகர்கோவிலில் காலைக் காட்சி பார்த்தேன். என் வரிசையில் நான் ஒருத்திதான். படம் எப்படி முடிந்தது என்று உன்னிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தை நம் ரசிகர் குழுவில் எல்லாரும் படிக்கும்படிதான் போடப் போகிறேன். உன்னைப் பார்த்துச் சிரித்தது எல்லார் முன்னாலும்தானே நடந்தது?

நாம் யாரென்று தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்.

நாகர்கோவிலில் ஒரு பெண்கள் விடுதி. நீயும் நானும் ஒரே அறை. நான் மருந்தாளுநர் படிப்பு, நீ எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் திரும்பியபோது, கீழே வரவேற்பறைத் தொலைக்காட்சியில் முதல் பாகம் தமிழ்க் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. அழிந்துபோன கோளிலிருந்து தப்பிய மக்கள் ஒரு பழைய கப்பலில் வானத்தில் அலைகிறார்கள். இயந்திர அறையில் எண்ணெய் பிசுக்கோடு வேலை செய்யும் சேயா என்ற பெண்ணுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. தமிழில் அதைப் 'பேரொலி' என்றார்கள். நீ கதவில் சாய்ந்து நின்றபடியே முழுப் படத்தையும் பார்த்தாய். முடிந்ததும் என் பக்கம் திரும்பிக் கேட்டாய்.

"ஏட்டி, அந்தச் சத்தம் அவளுக்கு வெளியேருந்து வருதா, உள்ளேருந்தா?"

"வெளியேருந்துதான். கடவுள் பேசுகாரு," என்றேன்.

"இல்ல மக்கா. உள்ளேருந்து."

இருபது வருஷம் நாம் சண்டை போட்டது இந்த ஒன்றுக்காகத்தான். நீ ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் குழித்துறையில் மருந்துக் கடையில். எனக்குக் கல்யாணம் ஆகி அவர் மஸ்கட்டுக்குப் போனார். உனக்கு மாப்பிள்ளையாக வைகுண்டமணி அண்ணன் வந்தார். ஒவ்வொரு பாகம் வரும்போதும் நாம் சேர்ந்து பார்த்தோம். வெளியே வந்து தேநீர் ஆறிப்போகும்வரை வழக்காடினோம்.

எனக்குப் பிடித்தது மூன்றாம் பாகம். கப்பலில் காற்று தீர்ந்துகொண்டே வர, தன் பங்கு மூச்சையும் மற்றவர்களுக்குத் திறந்துவிட்டுச் சேயா இறந்துபோவாள். நான் அதில் சிலுவையைப் பார்த்தேன். நான்கு பக்கம் எழுதிக் குழுவில் போட்டேன். உனக்கு நாலாம் பாகம். அவள் உடலை நீர்க்கோளின் கடலுக்குள் இறக்குவார்கள்; மூன்றாம் நாள் அவள் எழுந்து கரைக்கு நடந்து வருவாள். "எங்க அய்யா கடலுக்குள்ள போய் மூணாம் நாள் எழும்பி வந்தது மாதிரியே இருக்கு" என்று நீ சொன்னபோது உன் கண் நிறைந்திருந்தது. அய்யாவைத் தெய்வமாகக் கும்பிடும் அய்யா வழிக் குடும்பத்தில் பிறந்த உனக்கு அது வெறும் படக் காட்சி இல்லை. எனக்கும் அது தெரிந்திருந்தது, கனி. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

எந்தப் பாகம் சிறந்தது என்று குழுவில் வாக்கெடுப்பு வைத்தபோது நீ அதையே எழுதினாய். நாலே வரிதான். துபாயில் இருக்கும் நம் ரெஜின், சேயாவின் படத்தில் அய்யா வழிக்காரர்கள் மாதிரி தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் போட்டு, ஒரு கேலிச் சித்திரம் செய்து அனுப்பினான். வரிசையாக எல்லாரும் சிரித்தார்கள். குழுவை நடத்துகிறவள் நான். ஒரு தட்டுத் தட்டி அதை நீக்கியிருக்கலாம். நான் மூன்று சிரிப்பு முகங்களைப் போட்டேன்.

ஏன் போட்டேன்? இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை. கடையில் கூட்டம், ஒரு கையில் மருந்துச் சீட்டு, மறுகையில் போன். இப்படி ஒரு காரணம் சொல்லிப் பார்த்தேன். அது காரணமில்லை. எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

"ஜெபா, நீயுமா?" என்று எழுதிவிட்டு நீ குழுவை விட்டு வெளியேறினாய். பயந்துபோய் ரெஜின் சித்திரத்தை அழித்துவிட்டான். அதற்குக் கீழே என் சிரிப்பு முகங்கள் மட்டும், எதைப் பார்த்துச் சிரிக்கின்றன என்று தெரியாமல் நின்றன.

சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்தாய்.

"மூணாம் பாகத்துல சிலுவையப் பாத்தேன்னு நீ நாலு பக்கம் எழுதுனியே, நான் சிரிச்சனா?"

"ஏட்டி, அது வேற, இது வேற."

"என்ன வேற?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சொல்லு ஜெபா. என்ன வேற?"

"சினிமாவுக்குள்ள இதையெல்லாம் கொண்டு வரண்டாம்னுதான்..."

"அப்போ ஒனக்கு ஒங்கது சாமி, எங்கது தமாசு. செரி. போன வச்சிருகேன்."

உன் குரலில் சத்தம்கூட ஏறவில்லை. அதுதான் நான் உன்னிடம் கடைசியாகக் கேட்டது. மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை எழுதி எழுதி அழித்தேன். இரண்டு நாள் போனால் நீயே கூப்பிடுவாய் என்று இருந்தேன். எப்போதும் நீதானே முதலில் கூப்பிடுவாய்? இரண்டு நாள் ஒன்பது மாதமாயிற்று. மஸ்கட்டிலிருந்து இவர், "ஒரு சினிமாவுக்கா ரெண்டு பேரும் மிண்டாம, பேசாம இருக்கிய?" என்று கேட்டார். சினிமாவுக்கு இல்லை என்று அவருக்கு எப்படி விளக்குவது?

பிறகு ஒரு திங்கட்கிழமை, கடையில் நிற்கும்போது, வைகுண்டமணி அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நீதான் அவர் போனிலிருந்து கூப்பிடுகிறாய் என்று நினைத்து, எடுத்தவுடன் "ஏட்டி" என்றேன். "நாந்தான்மா," என்றார். "கனி போயிட்டா. நேத்து அடக்கம் பண்ணியாச்சு."

ரத்தத்தில் நோய். ஏழு மாதம். மருந்துச் சீட்டைப் பார்த்தால் ஆளுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுகிறவள் நான். யார் யாருடைய சீட்டையோ படித்துக்கொண்டிருந்தேன். உன் சீட்டு என் கைக்கு வரவே இல்லை.

மறுநாள் ஆரல்வாய்மொழிக்கு வந்தேன். கணவாய்க் காற்று அன்றைக்கு அடித்த அடியில் வீட்டுக் கதவைத் திறந்து வைக்க முடியவில்லை. நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உன் சீருடைச் சட்டை ஒன்று கொடியில் கிடந்தது. நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"என்மேல கோவம் போச்சாண்ணே, அவளுக்கு?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் எல்லாரும் சொல்வதுதான். அவர் அப்படிப்பட்ட மனுஷன் இல்லை.

"இல்லம்மா. கோவம் இருந்துது. கடைசி வரைக்கும் இருந்துது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திருவனந்தபுரத்துக்கு மருந்து ஏத்த ரெயில்லதான் போவோம். வண்டி குழித்துறையில நிக்கும். அவ ஜன்னல் பக்கம்தான் இருப்பா. வெளியதான் பாத்துட்டு இருப்பா. ஜெபாக்குச் சொல்லட்டான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா. பொறவு வண்டி எடுத்ததும், 'கடைசிப் பாகம் எப்ப வருதாம்'னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்."

பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீ என் ஊர் வழியாகப் போயிருக்கிறாய். ஸ்டேஷனில் வண்டி நிற்கும் சத்தம் கடைக்குக் கேட்காது, ஆனால் வண்டி வந்து போனதும் கடையில் ஆள் சேரும். அந்த ஆட்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். நீ இறங்கியிருந்தால்? நான் ஒருநாள் அந்த நடைமேடைக்கு வந்திருந்தால்? வருவதற்கு எனக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது, தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

புறப்படும்போது அண்ணன், "தாங்கலுக்கு வாறீங்களா? அவ வழக்கமா போற எடம்," என்றார். அய்யா வழிக்காரர்கள் கும்பிடும் நிழல் தாங்கல் உன் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான். இருபது வருஷத்தில் ஒருமுறைகூட நான் உள்ளே போனதில்லை. நீ என்னோடு எத்தனை கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்து, பாட்டு தெரியாமல் வாயை அசைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய்.

உள்ளே ஒரு நிலைக்கண்ணாடி. இரண்டு பக்கமும் விளக்கு. வேறு உருவம் இல்லை.

ஐந்தாம் பாகம் ஞாபகம் வந்தது. பேரொலியின் கோவிலைத் தேடிச் சேயா போய்ச் சேரும்போது, அங்கே துலக்கிய தகடு ஒன்றுதான் இருக்கும். அதில் அவள் முகம் தெரியும். "உள்ள ஒருத்தருமே இல்ல, ஏமாத்திட்டாங்க," என்று நான் தியேட்டர் வாசலிலேயே கத்தினேன். "ஆளு இல்லன்னு யாரு சொன்னா? அவ நிக்காளே," என்றாய். நீ ஏதோ சமாளிக்கிறாய் என்று நினைத்தேன். உனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த அறையை நீ திரையில் பார்த்திருக்கிறாய். என்னிடம் சொல்லவும் செய்தாய். நான்தான் கேட்கவில்லை.

கும்பிடுவதா, சும்மா நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் பார்த்துவிட்டார். "ஒண்ணும் செய்யண்டாம். நின்னா போதும்," என்றார். நின்றேன். கண்ணாடியில் அழுது வீங்கிய ஒரு முகம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசாக இல்லை, கனி. அங்கே எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது என்று எழுதினால் நீ நம்பவும் மாட்டாய்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

கடைசியில் சேயா பேரொலி புறப்படும் இடத்துக்கே போய்விடுகிறாள். இடிந்துபோன ஒரு நிலையம். அங்கே கடவுள் இல்லை. ஒரு பழைய ஒலிபரப்புக் கருவி மட்டும் இருக்கிறது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், வானத்தில் வழி தவறிய தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டே இருந்த ஒரு பெண்ணின் குரல். அவளும் போய்விட்டாள், அவள் ஊரும் போய்விட்டது. குரல் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. சேயா அதை அணைக்கக் கையை நீட்டுகிறாள், பிறகு அணைக்காமல் கீழே உட்கார்ந்து கேட்கிறாள். அவ்வளவுதான் படம்.

உள்ளேயிருந்து வரவில்லை. கடவுளும் பேசவில்லை. நாம் இரண்டு பேருமே தோற்றுவிட்டோம். விளக்குப் போட்டார்கள், ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். நாம் தோற்றதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். கூட்டிப் பெருக்க வந்த அக்கா, "படம் முடிஞ்சிட்டும்மா," என்ற பிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் ஞாயிறு. நாலு மணிக்கு வழக்கம்போல் குழு போனில் கூடியது. ரெஜின் கொதித்துக்கொண்டிருந்தான். "இத்தன வருஷம் சாமி சாமின்னு காட்டிட்டு, கடைசியில ரேடியோவாம். நம்மள முட்டாளாக்கிட்டானுவ ஜெபாக்கா."

"கூப்பிட்டது யாரா இருந்தா என்ன ரெஜின்? அதக் கேட்டு எழும்பி நடந்தவ இவதானே. நடக்க வச்சது அவளுக்குள்ளதான் இருந்துது," என்றேன்.

"நீங்க எப்பவும் வெளியேருந்துன்னுதானே சொல்லுவிய?"

"இது நான் சொல்லுகது இல்ல. கனி இருந்தா இதத்தான் சொல்லியிருப்பா." பிறகு, உனக்கு நான் செய்ததை, ரெஜின் செய்ததை இல்லை, நான் செய்ததை, எல்லாருக்கும் சொன்னேன். ரெஜின், "சவத்த விடுங்கக்கா, நடந்தது நடந்து போச்சு," என்றான். நம் ஊரில் எல்லாரும் எதற்கும் சொல்லும் வார்த்தைதான். அன்றைக்கு அது காதில் குத்தியது. அவனுக்கும் குத்தியிருக்க வேண்டும். உடனே, "அப்பிடி இல்லக்கா, மன்னிச்சிருங்க," என்றான். என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நானும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

நேற்று வைகுண்டமணி அண்ணன் கூப்பிட்டார். என்னவோ வேலையாகப் பேசுவதுபோல மழையைப் பற்றி, மருந்தைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் கேட்டார்.

"அந்தப் பொண்ணு சேயா, பொழச்சுக்கிட்டாளாம்மா?"

"பொழச்சுக்கிட்டாண்ணே."

"நான் ஒரு பாகம்கூட பாத்ததில்ல. அவ சொல்லச் சொல்ல ம்ம்னு கேட்டுட்டு இருப்பேன், மனசு வேற எங்கயாவது இருக்கும். இப்ப ஞாயித்துக்கெழம வந்தா வீட்டுல சத்தமே இல்ல. நீங்க வந்து மொதல்லருந்து காட்டித் தருவீங்களா?"

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், கனி. அடுத்த ஞாயிறு முதல் பாகம். வாரத்துக்கு ஒன்றாக ஆறு வாரம், ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவேன். அவர் பாதியில் நிறுத்திச் சந்தேகம் கேட்பார். அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று கட்டாயம் கேட்பார். அப்போது நான் என் பக்கத்தைச் சொல்ல மாட்டேன். உன் பக்கத்தை மட்டும், நீ சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை குறையாமல் சொல்லுவேன். இது சத்தியம்.

மூன்று மாதம் மூத்தவள் என்று எவ்வளவு சொல்லியும் ஒருநாளும் நீ அப்படிக் கூப்பிடாத,
உன் அக்கா
ஜெபா