ஆயுத பூஜைக்கு முந்தைய தேதி

பெங்களூர்
18-10-2002

அன்புள்ள ஸ்னேஹாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. அந்த ஊர்க் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் தம்பி கண்ணா புது ஸ்கூட்டரில் அம்மாவை மல்லேஸ்வரம் வரை அழைத்துப் போனான், போய்ச் சேரும்வரை அம்மா கண்ணையே திறக்கவில்லையாம்.

ஆபீஸில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எங்கள் யூனிவர்சிட்டி மெயின்டனன்ஸ் செக்‌ஷனில் மேஸ்திரி வேலை காலியானது. எல்லாருக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்று சர்க்குலர் வந்தபோது, எங்களிடம் எந்த பேதமும் கிடையாது என்று பதில் எழுதியவன் நான்தான். சீனியாரிட்டி பார்த்தால் முதல் பெயர் சரசு, இருபத்திரண்டு வருஷமாகக் காம்பஸைப் பெருக்குகிறவள், எந்தக் கட்டடத்தில் எந்தக் குழாய் ஒழுகும் என்பது என் ரிஜிஸ்டரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒர்க்‌ஷாப் ஆயுத பூஜையில் மேஸ்திரிதான் ஆரத்தி எடுக்க வேண்டும். பெருக்குகிறவர்களோ அன்று உள்ளே வந்ததே இல்லை, பொரியும் பழமும் வாசலுக்குப் போய்விடும். இத்தனை வருஷத்தில் அது பேதம் என்று எனக்குத் தோன்றவேயில்லை பார். பிளம்பர் நாகேஷ் வந்து, "மேஸ்திரி ஆகட்டும் சார், ஆனா ஆரத்தி தட்ட அவங்க கையில எப்டி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று இழுத்தான். நானும் பாம்பும் நோகாமல் பாம்படித்த கோலும் நோகாமல், பூஜை முடிந்த வாரத்துக்குத் தேதி போட்டு ஆர்டர் அடிக்கச் சொன்னேன். சரசு அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "பூஜ முடிஞ்ச மேல குடுக்கிற மேஸ்திரி வேல எனக்கு வேணா சார், நீங்களே வெச்சிக்கோங்க" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். குரல்கூட உயரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது ஸ்னேஹா, வேறு சொல் இல்லை. அன்றைய தேதியே போட்டுப் புது ஆர்டர் அடித்து, கெமிஸ்ட்ரி பிளாக் பின்னால் சாக்கடை அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தவளிடம் நானே கொண்டுபோனேன். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி என்னைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தாள், நின்றேன்.

திங்கட்கிழமை பூஜை. லேத்தும் மோட்டாரும் இருந்த வரிசையில் துடைப்பங்களும் சாக்கடைக் கம்பியும் கழுவிக் குங்குமம் வைத்து இருந்தன. சரசு மேஸ்திரி ஆரத்தி எடுத்துத் தட்டைக் கொண்டு வந்தார். ஒரு நிமிஷம் யாரும் கை நீட்டவில்லை. நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அடுத்தது எலக்ட்ரீஷியன் நோயல், அவன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், கடைசியில் நாகேஷும் வந்தான். இரண்டு பேர் வரவேயில்லை. அந்த வாரம் டியூட்டி போடும்போது மேஸ்திரி அவர்கள் பெயரையும் எல்லாரோடும் சேர்த்தே எழுதினார், கூடுதல் வேலையும் இல்லை, குறைவும் இல்லை. எனக்கு மனசு நிறைந்தது.

உன் ஆபீஸில் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் உன்னைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தாய். புது ஊர், பொறுத்துப் போ என்று நான் பதில் போட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அவர்கள் பேசும்போதே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்.

பெருமாள் உன்னோடு இருப்பார். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள மறக்காதே, அம்மா சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு உன் அப்பா,
தேசிகன்