கடலுக்குப் போகும் உம்முடைய பாதை

என் செல்விக்கு,

நீர் போய் ஒரு வருடம் ஆகிற ஆட்டைத் திவசத்துக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் போட ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உம்முடைய தம்பி லண்டனிலிருந்து ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மற்றவர்கள் எல்லாரும் உம்முடைய குணங்களை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது வரவில்லை. உம்மைப் பற்றி ஊருக்குச் சொல்வதைவிட, உமக்குச் சொல்லத்தான் என்னிடம் நிறைய இருக்கிறது. ஆகவே இதை உமக்கே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

முதலில் பிள்ளையின் செய்தி. ஆரணிக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. காலுக்குப் போடும் கம்பிச் சட்டத்தை மாற்றியாயிற்று, ஊன்றுகோல் இரண்டும் உயரம் கூட்டியாயிற்று. கணக்கில் இன்னும் கவனமில்லை. வாய் மட்டும் உம்முடைய வாயேதான்.

அடுத்த செய்தி, நான் நடக்கிறேன். நம்புகிறீரா?

மருத்துவமாதுவாக வீடு வீடாகப் போன நீர், பிள்ளை பெற்ற பெண்கள் மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே கிடப்பதைப் பார்த்துத்தானே ஞாயிற்றுக்கிழமை நடையைத் தொடங்கினீர்? "மலை இல்லாத ஊரிலை என்ன நடை?" என்று நான் கேட்பேன். "மலை இல்லாட்டி என்ன, வெளி கிடக்குதெல்லே. எழும்பி வாருங்கோவன்" என்பீர். கிழமை முழுவதும் கூட்டுறவுச் சங்கக்கடையில் மூட்டை இறக்குகிறவன் ஞாயிறாவது படுக்க வேண்டாமா என்று போர்வையை இழுத்து மூடுவேன். எத்தனை ஞாயிறு அப்படிப் போயிற்று?

நீர் இரண்டு பாதைகள் பார்த்து வைத்திருந்தீர். குளத்தைச் சுற்றி வருவதற்குக் கைக்குழந்தைப் பாதை என்று பெயர். தள்ளுவண்டிலில் பிள்ளையை வைத்தே ஒரு சுற்று வந்துவிடலாம். பனங்காணிக்குள்ளால் கரைக்குப் போவது கடற்பாதை. நிலம் இறுக்கம், ஊன்றுகோல் புதையாது. இளைத்தால் இருக்க நிழல் உண்டு. ஆரணி முதன்முதல் தன் காலால் நடந்து போய்க் கடலைப் பார்த்தது அந்தப் பாதையால்தான். அன்றைக்கும் நான் வீட்டில் படுத்திருந்தேன்.

பிறகு நீர் காய்ச்சல் என்று படுத்தீர். ஆறே நாள். அதற்குப் பின் எங்கள் ஊர் கரம்பொனில் யாரும் நடக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம், நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் ஆரணி வந்து நின்றாள்.

"அப்பா, நாளைக்குக் கடலுக்குப் போவமா?"

"மோட்டார் சைக்கிளிலை கூட்டிக்கொண்டு போறன்."

"வேண்டாம். நடந்துதான்."

போனோம். பாதி வழியில் புதிதாக ஒரு முட்கம்பி வேலி. அந்தப் பனங்காணி கனடாவிலிருந்த மனோ அக்காவுடையது என்று உமக்குத் தெரியும். அவர் ஊரோடு இருக்கவென்று திரும்பி வந்து, வந்த கையோடு காணியைச் சுற்றி அடைத்துவிட்டார். மற்றப் பக்கத்தால் போனால் குருமணல், ஊன்றுகோல் இறங்கிவிடும். தெருவால் போனால் பஸ்ஸும் லொறியும். "சரி, வீட்டை போவம்" என்று பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன். அவள் ஊன்றுகோலால் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"அம்மா எண்டால் போய்க் கேட்டிருப்பா."

நான் ஒருவரிடமும் ஒன்றும் கேட்காத ஆள். உம்மைப் பெண் கேட்டு வந்ததுகூட என் அக்காதானே, நான் தெருவில் நின்றேன். ஆனால் அன்று அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு எப்படிச் சும்மா இருப்பது? மறுநாள் வேலை முடிந்ததும் மனோ அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அது எங்கடை உறுதிக் காணி, தம்பி. பொதுப் பாதை எண்டு ஒரு கடதாசியிலும் இல்லை."

"ஓம் அக்கா. இல்லைத்தான்."

"திறந்து விட்டால் மாடு வந்து இளம்பனை வடலியெல்லாம் திண்டுபோடுது. வாறவங்கள் போத்தலை எறிஞ்சிட்டுப் போறாங்கள். நான் என்ன செய்யிறது?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. திரும்பி வந்தேன். அடுத்த கிழமையும் போனேன், அதே பதில். மூன்றாம் முறை ஆரணியும் வருவேன் என்று நின்றாள். இந்த முறை நான் பாதையைக் கேட்கவில்லை. ஒருநாள் எங்களோடு நடந்து பாருங்கள் என்று கேட்டேன்.

"எனக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்தது, தம்பி. அவ்வளவு தூரம் ஏலாது."

"எனக்கும் ரண்டு தரம் ஒப்பரேசன் செய்தது, அன்ரி" என்றாள் ஆரணி. "நாங்கள் மெதுவாத்தான் போவம்."

அந்த ஞாயிறு மனோ அக்கா தானே வேலிக் கம்பியை அவிழ்த்து எங்களை உள்ளே விட்டார். அவருக்கும் ஆரணிக்கும் நடை ஒத்துப்போயிற்று. நான்தான் முன்னே போவதும் திரும்பி வருவதுமாக நின்றேன். மெதுவாக நடப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நீர் இதை ஒவ்வொரு ஞாயிறும் செய்தீரே.

கரையில் விழுந்து கிடந்த ஒரு பனையில் மனோ அக்கா அமர்ந்தார். எதிரே காரைநகர்ப் பக்கம் வெளிச்சமாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் காலை மணலில் வைத்தார். பிறகு, "வந்து மூண்டு மாதம், தம்பி. இண்டைக்குத்தான் கடலைப் பாக்கிறன்" என்றார். எழும்பும்போது சொன்னார்: "ஒரு படலை போடும். ஆனால் மாடு உள்ளுக்கை வந்துதோ, உம்மைத்தான் பிடிப்பன்."

வேலிக்கு நடுவே திறந்து மூடும் படலையை நானே செய்தேன். ஆரணி இரண்டு கோலும் ஊன்றி நுழைகிற அகலத்துக்கு அளவெடுத்துப் போட்டேன். முதல் ஞாயிறு அயல்வீட்டுச் சுகந்தி தன் இரட்டைப் பிள்ளைகளை வண்டிலில் வைத்துக்கொண்டு வந்தாள். வண்டில் படலைக்குள் இறுகிவிட்டது. முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. பிள்ளைகள் இரண்டும் வீரிட, எல்லாரும் சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன். நீர் போன பிறகு முதல் சிரிப்பு. அது வந்த வேகத்தில் பனைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அடுத்த சனிக்கிழமை கட்டையைப் பிடுங்கி, அகலமாக்கி, திரும்ப நட்டேன்.

இப்போது ஆறு குடும்பங்கள் வருகின்றன. தன் போத்தலைத் தானே திருப்பிக் கொண்டுவர வேண்டும், கடைசியாக வருகிறவர் படலையைச் சாத்த வேண்டும் என்பது ஒழுங்கு. ஒருமுறை சாத்த மறந்து மாடு புகுந்து மூன்று வடலியைத் தின்றுவிட்டது. கேட்கப் பழகியவனுக்கு மன்னிப்புக் கேட்கவும் வந்துவிட்டது. அந்த இடத்தில் புதிதாகப் பனங்கொட்டை நட்டிருக்கிறேன்.

இனிப் புதுச் செய்தி. ஆரணிக்கு நெடுந்தீவில் நடக்க வேண்டுமாம். படகில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும் என்று உமக்குத் தெரியும். போன மாதம் தனியே போய் வந்தேன். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. ஆனால் அவளுடைய பழைய ஊன்றுகோலைக் கொண்டுபோய், இறங்குதுறையிலிருந்து கல்வேலிகளுக்கு இடையால் நிலத்தை அடிக்கு அடி குத்திப் பார்த்தேன். மாட்டைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர், "என்ன அண்ணை, எதையும் துலைச்சிட்டியளோ?" என்று கேட்டார். "இல்லை, என்ரை பிள்ளைக்குப் பாதை பாக்கிறன்" என்றேன். அவர் மாட்டை விட்டுவிட்டு என்னோடு நடந்து, நிலம் இறுக்கமான ஒழுங்கைப் பாதை ஒன்றையும், தண்ணீர் குடிக்கக்கூடிய கிணற்றையும் காட்டினார்.

தை முடியக் கடல் அடங்கியதும் போகிறோம். மனோ அக்காவும் வருகிறார். இதை எல்லாரும் வாசிக்கிற இடத்தில் வைத்து உமக்குச் சொல்கிறேன், பின்வாங்க முடியாதபடிக்கு. அங்கே வாகனம் பிடிக்க மாட்டேன். பிள்ளை தானாகக் கேட்கும்வரை அவளைத் தூக்க மாட்டேன். அவள் இருந்தால் நானும் இருப்பேன், எழும்பினால் எழும்புவேன். நாள் முழுவதும் நடந்து ஒரு மைல்தான் போனோம் என்றால், அந்த ஒரு மைலும் அவள் நடந்த மைலாக இருக்கும்.

உம்முடைய மனுசன்,
ஆரணியின் அப்பா
கரம்பொன்