சீன வைத்தியரிடம் மறைத்த மாத்திரை

18 பிப்ரவரி 2025, செவ்வாய்

காலையில் எலிசபெத் ஏரியை முழுதாக ஒரு சுற்று நடந்தேன். கைத்தடி இல்லாமல். நடந்ததும் நானே, அதை எழுதுவதும் நானே என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. எழுபத்து மூன்று வயது வரை கடிதம் என்றால் இன்னொருவர் கைதான். போன வருட மழைக்காலத்தில் மனைவி வசந்தாமணி உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். அரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகட்டும். அமெரிக்காவில், மகளின் இந்த ஃப்ரீமான்டில் எனக்கு வேறென்ன அவசரம்?

முட்டி வலி குறைந்தது சீன வைத்தியர் அம்மாவின் கஷாயத்தால். பூங்காவில் பழக்கமான திருமூர்த்தி கூட்டிப்போனார். மதுரைக்காரர், இங்கிலீஷ் பேசுவார். அந்த அம்மா இரண்டு கையிலும் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முட்டியில் மயிரிழை போன்ற ஊசிகளைக் குத்தினார். வேரும் பட்டையுமாக ஒரு பொட்டலம் கொடுத்தார். பதினைந்து நாளாகக் காய்ச்சிக் குடிக்கிறேன். வீட்டில் அதைச் சுக்குத் தண்ணீர் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

21 பிப்ரவரி

வேறு மருந்து சாப்பிடுகிறேனா என்று அந்த அம்மா கேட்டது மனதைக் குடைகிறது. இல்லை என்று தலையாட்டிவிட்டேன். இதயத்தில் செயற்கை வால்வு வைத்து ஆறு வருடம் ஆகிறது. இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை. ஏன் சொல்லவில்லை? எங்கள் ஊர்ப்பக்கம் நாட்டு வைத்தியரிடம் இங்கிலீஷ் மருந்து சாப்பிடுவதாகச் சொன்னால், “அப்ப அங்கயே போய்க்கோ” என்று கையைத் தொடக்கூட மாட்டார். டாக்டரிடம் கஷாயம் என்றால் அவர் ஏசுவார். இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்வதுதான் வழக்கம். ஐம்பது வருடம் அப்படித்தான் இருந்தேன்.

26 பிப்ரவரி

பல் துலக்கும்போது இரத்தம்.

1 மார்ச்

தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். எங்கும் இடித்துக்கொண்ட நினைவில்லை.

மாத்திரையும் கஷாயமும் சேர்ந்ததாலா? கஷாயத்தை நிறுத்தினால் மறுபடி தடி, மறுபடி ஜன்னலோரம். பத்தாம் தேதி இரத்தப் பரிசோதனை என்று மகள் வான்மதி சொல்லிவிட்டுப் போனாள். அதில் தெரிந்துவிடுமோ? யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நோட்டுக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது.

4 மார்ச்

“என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறவரு மாதிரி நடக்குறீங்க?” என்றார் திருமூர்த்தி. சிரித்தேன். சட்டைக்குள் முழங்கையிலும் நீலம்.

நாளைக்கு நிறுத்திவிட வேண்டும். நேற்றும் இப்படித்தான் நினைத்தேன்.

8 மார்ச்

நேற்றுதான் வீட்டுக்கு வந்தேன். நடந்ததை எழுதிவிட வேண்டும்.

ஆறாம் தேதி காலை மூக்கில் இரத்தம். அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் — பயம், வெட்கம். வசந்தாமணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் இந்த நோட்டு. மேஜைமேலேயே விட்டுவிட்டேன். எழுதுவது எனக்கு இன்னும் மனதுக்குள் பேசிக்கொள்வது போலத்தான். இன்னொருவர் எடுத்துப் படிக்கலாம் என்பது தோன்றவே இல்லை.

“ஏனுங்க, இப்படிச் செத்துப் போறதுக்கா உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தேன்?” என்றாள். அழவில்லை. துண்டை நனைத்து மூக்கில் வைத்து அழுத்தினாள்.

வான்மதி காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தாள். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்கப்பா. நானென்ன உங்கள வெரட்டியா விட்டிருப்பேன்?”

இரத்தம் உறைவதைக் காட்டும் எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டுமாம்; கூடினால் இரத்தம் நிற்காதாம். எனக்கு ஆறரை. ஆஸ்பத்திரி டாக்டர் வசந்தாமணி கொண்டுவந்த கஷாயப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன். சீன அம்மாவின் போன் நம்பரைக் கேட்டார்.

12 மார்ச்

வான்மதி விடவில்லை. “நீங்களே வந்து சொல்லணும்” என்று சீன அம்மாவிடம் கூட்டிப்போனாள். மாத்திரையை மறைத்ததை நானே சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. பிறகு பேசியதை வான்மதி சொன்னாள்: “வேற மருந்து உண்டான்னு உங்கள அனுப்பி விடறதுக்குக் கேக்கலையாம்ப்பா. எதைக் குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்களாம்.”

இனிக் கஷாயம் கிடையாது. ஊசியும் இரத்த எண் சரியான பிறகுதான். அதுவும் டாக்டர் சரி என்றால்.

13 மார்ச்

முட்டி வலி. நேற்று முழுக்க, இன்று முழுக்க.

1 ஏப்ரல்

எண் 2.4. டாக்டர் சரி என்றார்.

அந்த அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, இரத்தப் பரிசோதனைத் தாளை வரிவரியாகப் பார்த்தார். பிறகுதான் ஊசி உறையைப் பிரித்தார். நான்கே ஊசி. மாலையில் பாதி ஏரி நடந்தேன், தடியோடு. பழைய நடை இல்லை.

இருமலுக்கு வசந்தாமணி காலையில் மிளகுப்பால் கொடுத்திருந்தாள். அந்த அம்மா கேட்பதற்கு முன்பே அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.