லொறி குடித்த பெற்றோல்

விசுவமடு

மதிப்பிற்குரிய என் கணவருக்கு,

தங்கள் இருமல் தணிந்ததா? எனக்கு இங்கே குறையொன்றுமில்லை.

குடியேற்றச் சங்கத்தின் லொறிக்கு, எஞ்சினுக்குப் பெற்றோல் விடும் காபரேற்றரைப் புதிதாய்ப் பூட்டியதிலிருந்து பெற்றோல் இருமடங்கு செலவாயிற்று. சாரதி தவராசா களவாக விற்கிறான் என்று அவனை நிறுத்தவிருந்தார்கள். நான் அவனருகில் அமர்ந்து புளியங்குளம் வரை போய்ப் பார்த்தேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழில் திருநீற்றுப் பை தொங்கியது. பழைய குமிழ் இறுக்கமானது. காபரேற்றரோடு வந்த புதியது அந்தப் பாரத்துக்கே வெளியே வந்து, எஞ்சினுக்குள் பெற்றோலை அளவுமீறிக் கொட்டுகிறது.

“அம்மன்ரை திருநீறு, வேறெங்கை தூக்கிறது, ரீச்சர்?”

“உன்ரை கழுத்திலை தூக்கு.”

அவன் வேலை தப்பியது. அதை வீட்டில் சொல்ல ஆளில்லாததால், எனக்கு மகிழ்ச்சியா என்று தெரியவில்லை.

பள்ளி மணி அடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவன் நெல்லோடு யாழ்ப்பாணம் வருவான். என் பழைய மூக்குக்கண்ணாடியைக் கொடுத்துவிடுங்கள். தாங்கள் இரண்டு வரி எழுதுவதானால் அவன் காத்து நிற்பான், அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

கனகாம்பிகை