மூன்று விநாடி ஹாரன்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து பொடி மழை. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மோட்டாருக்குப் புது பெல்ட். நகக்கண்ணில் கிரீஸ், இன்னும் போகவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆற்றோரப் பம்ப் கொட்டகையிலிருந்து ஹாரன். மூன்று விநாடி. அப்புறம் ஒன்றுமில்லை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆபீஸில் அடிப்பதும் இதே மாதிரி ஹாரன்தான், அதுவும் அவ்வளவு நேரம்தான். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்களாம். எங்கள் ஃபோர்மன் மணியம் அண்ணன் என்னைப் பார்த்து, "என்னா ஸ்டெல்லா, மத்தியானத்துல பெரட்டு எடுக்கிறியா?" என்றார். நானும் சிரித்தேன்.

போய்ப் பார்த்தால் ஹாரனை அடிக்க வைக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது. பச்சை விளக்கு இல்லை, சிவப்பு மட்டும். வயரைப் பிடுங்கிச் செருகினேன். எழுந்துகொண்டது.

உள்ளங்கை அளவு போர்டு. பேட்டரி, கூரையில் சூரியத் தகடு, ஆற்றில் ஒரு மிதவை. தண்ணீர் குறியைத் தாண்டினால் ஹாரன் அடிக்கும். போன வருஷம் நானே செய்தது. தோட்டத்து மேனேஜர் துரை எல்லார் முன்னாலும் கைதட்டினார். கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

கொட்டகைக்குக் கீழே, ஆற்றின் வளைவில், ஆயாக் கொட்டகை. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ரோஸி அக்கா பார்த்துக்கொள்ளும் இடம். ஒன்பது பிள்ளைகள். ஆற்றுக்கும் வாசலுக்கும் நடுவே பதினாலு படி.

நவம்பர் 5, புதன்

குளிர். பேசினால் வாயில் புகை. போர்டு ஏன் அணைந்தது? சந்தேகங்கள்:

பேட்டரி பழசு (லோரியில் கழற்றியது). மீட்டரில் 12.4 வோல்ட். நன்றாகத்தான் இருக்கிறது.
வயர் முனையில் துரு. சுரண்டியாயிற்று.
குளிர். ஆனால் அணைந்தது மத்தியானம்.
நான் எழுதிய புரோகிராம். இதைக் கடைசியாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். யாருக்குத்தான் தன் தப்பை முதலில் தேடத் தோன்றும்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது ரோஸி அக்கா சாதாரணமாகச் சொன்னாள். "நேத்து கீழேருந்து ஆறாம் படி வரைக்கும் ஈரம்டி. மழைத் தண்ணி இல்ல. செவப்பா சேறு."

மழைதான் அக்கா, என்றேன். அவளைச் சமாதானப்படுத்தச் சொன்னது. டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

போர்டு தானாக எழுதி வைக்கும் பதிவைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமையின் கடைசி மூன்று வரி:

2.03 தண்ணீர் குறிக்கு மேல்.
2.03 ஹாரன் போட்டாயிற்று.
2.03 பேட்டரி குறைவு. அணைகிறேன்.

இதைப் படித்த பிறகு கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் அது வெற்று ஹாரன் இல்லை. தண்ணீர் வந்திருக்கிறது. ஹாரன் கூப்பிட்டிருக்கிறது. கூப்பிட்ட கையோடு போர்டு செத்திருக்கிறது. நாங்கள் சிரித்திருக்கிறோம்.

ஹாரனை வைத்து நான் ஒருமுறையும் சோதித்ததில்லை. மாட்டிய நாளில் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி தடுத்துவிட்டார், ஹாரன் கேட்டால் ஆட்கள் பெரட்டு என்று மலையை விட்டு இறங்கிவிடுவார்கள், வேலை கெடும் என்று. சரி என்று ஹாரனுக்குப் பதில் ஒரு பல்பை மாட்டிச் சோதித்தேன். நாற்பது தடவையாவது இருக்கும். ஒவ்வொரு தடவையும் எரிந்தது. பல்பு எவ்வளவு கரண்ட் இழுக்கும், ஹாரன் எவ்வளவு இழுக்கும்? இது தெரியாதவளா நான்? தெரியும். யோசிக்கவில்லை.

பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் வந்த வருஷம் அக்கா அங்கே ஒரு தோட்டத்தில் வேலையில் இருந்தாள். இன்றைக்கும் மழை வலுத்தால் செருப்பைக் கழற்ற மாட்டாள். அவளைத்தான் என் ஹாரனை நம்பி அந்த வளைவில் உட்கார வைத்திருக்கிறேன்.

நவம்பர் 8, சனி

துரை ஒருவழியாக ஒத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒருமுறை ஹாரன்.

மிதவையைக் கையால் தூக்கினேன். மீட்டர் 12.4. ஹாரன் அடித்ததும் 10.6. ஒன்று, இரண்டு, மூன்று. பச்சை விளக்கு போயிற்று. ஹாரனும் போயிற்று.

காரணம் நான் எழுதிய புரோகிராமிலேயே இருக்கிறது: மூன்று விநாடிக்கு ஒருமுறை பேட்டரியைப் பார், 11க்குக் கீழே என்றால் உடனே ஒழுங்காக அணைந்துவிடு. கரண்ட் திடீரென்று போனால் மெமரி கார்டு கெட்டுவிடுமாம். கார்டைக் காப்பாற்ற எழுதியிருக்கிறேன்.

படி இறங்கி ஓடினேன். ஆயாக் கொட்டகையில் ஒருவரும் அசையவில்லை. அக்கா சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஹாரன் கேட்டதா என்றேன்.

"கேட்டுச்சி. உடனே நின்னுருச்சி. பெரட்டுன்னு இருந்துட்டேன் லா."

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திரும்பிப் பிள்ளைகளை எண்ணினாள். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பாதர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் ஹாரனுக்கென்று தனியாக ஒரு பேட்டரி.

மாற்றியவை: போர்டுக்கும் ஹாரனுக்கும் வேறு வேறு பேட்டரி. தண்ணீர் குறிக்கு மேல் இருக்கும்வரை போர்டு அணையவே கூடாது, கார்டு கெட்டால் கெடட்டும். ரிலேயும் மாற்றினேன்: ஒருமுறை அடித்துவிட்டால் போர்டே செத்தாலும் ஹாரன் நிற்காது, கையால் சுவிட்சைத் தட்டினால்தான் நிற்கும்.

யாரையும் கேட்காமல் ஐந்து தடவை முழுச் சத்தத்தில் அடித்தேன். தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்தவர்கள் பெரட்டுக் களத்துக்கு ஓடி வந்துவிட்டார்கள். ஒருத்தர் சவரம் பாதியில். நல்ல வசவு. வாங்கிக்கொண்டேன்.

அக்காவிடம்: மூன்று விநாடிக்கு மேல் அடித்தால் என்னைத் தேடாதே, பிள்ளைகளோடு களத்துக்கு ஏறிவிடு.

இவ்வளவு செய்தும் பயம் போகவில்லை. நாற்பது தடவை பல்பு எரிந்தபோதும் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 12, புதன்

நேற்றிலிருந்து விடாத மழை. பத்து மணிக்குப் பார்த்தேன், இரண்டு பேட்டரியும் 12.6. பச்சை விளக்கு உண்டு.

11.40 ஹாரன். நான் ரோலர் பக்கத்தில். வாய்விட்டு எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. நிற்கவில்லை. அப்பாடா, வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது எழுத. அதற்குப் பிறகுதான் அது ஏன் அடிக்கிறது என்பது உறைத்தது.

களத்துக்கு ஓடினேன். அக்காவைக் காணோம். மழையில் பாதை தெரியவில்லை. பிறகு வந்தாள். இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று, மற்றவை அவள் கைலியைப் பிடித்தபடி. நின்று எண்ணினாள். நான்கு தடவை எண்ணினாள். ஒன்பது.

கீழே பதினாலு படியும் இல்லை. ஆயாக் கொட்டகை வாசலுக்குள் சிவப்புத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வெளியே வரிசையாக விட்டிருந்த சின்னச் செருப்புகள் ஒன்றும் இல்லை. அக்கா காலில் மட்டும் செருப்பு.

12.30. தண்ணீர் இறங்குகிறதாம். ஹாரனை நிறுத்தச் சொல்லித் துரை ஆள் அனுப்பினார். நான் கிளம்பியபோது அக்கா மணிக்கட்டைப் பிடித்தாள். "இருக்கட்டும்டி. கத்தட்டும்."

பம்ப் கொட்டகை. சுவிட்சுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். காது அடைத்துவிட்டது. மணியம் அண்ணன் வாசலில் நின்று கையைக் காட்டுகிறார், நிறுத்து, நிறுத்து என்று. இரண்டு தடவை எழுந்தேன். கை போகவில்லை.

1.15. பேட்டரி 11.8. இன்னும் அடிக்கிறது.